முதல் தடவை ரேஸ் பார்க்கப் போகிறீர்களா? பெங்களூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் ஃபார்முலா 1 பார்க்கும் தமிழ் ஆட்களுக்குக் குறைவே இல்லை. அல்சூரில் இருக்கிறார்கள், கே.ஆர்.புரத்தில் இருக்கிறார்கள், எலெக்ட்ரானிக் சிட்டி பி.ஜி.க்களில் நிறையவே இருக்கிறார்கள். எந்த டீம் எந்த டயரில் கிளம்பியது என்பது வரை விரல் நுனியில் வைத்திருப்பார்கள். ஆனால் நேரில் ஒரு ரேஸாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால், "ஒரு நாள் சிங்கப்பூர் போகணும்" என்பார்கள். சிங்கப்பூர் போகும்போது போகட்டும். அதற்கு முன் 300 கிலோமீட்டர் தள்ளி, ஓசூர் வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே தேசிய சாம்பியன்ஷிப் நடக்கிறது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத் தெரு ரேஸ் நடந்த பிறகு, ரேஸ் பார்க்க எப்படிப் போவது என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், சனிக்கிழமையே போய்விடுங்கள். காரணம் கீழே வருகிறது.

எங்கே போகிறோம்

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை இருக்கும் ஊர் என்றால் பலருக்குப் புரியும். அங்கே இருக்கும் டிராக்கை 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துகிறது. அதற்கு முன் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் விடுவார்கள். உங்கள் வீட்டில் அந்தக் காலத்துச் சென்னைக்காரர்கள் யாராவது இருந்தால் சோழவரம் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள். பிறகு கிளப் சொந்தமாக நிலம் வாங்கி, ரேஸுக்கென்றே கட்டிய டிராக் 1990-ல் திறந்தது. நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். பழைய ஆட்கள் இன்னும் எம்.எம்.ஆர்.டி. என்றுதான் சொல்வார்கள். இரண்டும் ஒன்றே.

சின்ன இடம் என்று நினைத்துவிடாதீர்கள். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், தன் முதல் ரேஸான ஃபார்முலா மாருதி பந்தயத்தை ஓட்டி மேடை ஏறியது இங்கேதான். மைக்கேல் ஷூமேக்கரின் மகன் மிக் ஷூமேக்கர் ஃபார்முலா 1-க்கு வருவதற்கு முன், எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் தொடரில் இங்கே ஓட்டியிருக்கிறார். 2019 பிப்ரவரியில் பிரிட்டனைச் சேர்ந்த ஜேமி சாட்விக் அந்தத் தொடரின் பட்டத்தை இங்கே வைத்துத்தான் வென்றார். அதை வென்ற முதல் பெண் அவர்.

சொந்த ஊர் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இந்திய ரேஸ் கார்களை வடிவமைத்துக் கட்டிய கரிவரதன் நினைவாக வைத்த பெயர். டிராக் சின்னது, அதனால் கார்கள் அடிக்கடி கண் முன்னால் வந்து போகும். ஊருக்குப் போகிற வாரக்கடைசியில் அங்கே ரேஸ் இருந்தால் விடாதீர்கள். ஆனால் பெங்களூரிலிருந்து ரேஸுக்காகவே கிளம்புகிறவர்களுக்கு என் ஓட்டு இருங்காட்டுக்கோட்டைக்குத்தான்.

முதலில் தேதியை உறுதி செய்யுங்கள்

இந்தியாவில் மோட்டார் ரேஸுக்கான தேசிய அமைப்பு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அவர்கள் ஆண்டு நாட்காட்டி வெளியிடுவார்கள். அதில் எந்த வாரக்கடைசியில் எந்த சாம்பியன்ஷிப், எந்த ஊர் என்று இருக்கும். பொதுவாக வருடத்தின் நடுவில் தொடங்கி அடுத்த வருடத் தொடக்கம் வரை சாம்பியன்ஷிப்பின் சுற்றுகள் நீளும், ஒரு வாரக்கடைசி ஒரு சுற்று. நாட்காட்டியில் தேதி பார்த்தவுடன் ஓட்டலுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். சுற்றுகள் ஒரு வாரம் முன்பின் நகர்வது சகஜம். மழையும் நகர்த்தும். அந்தத் தெரு ரேஸே 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. அதனால் கிளப்பின் சமூக ஊடகப் பக்கத்தில் அந்தச் சுற்றின் போஸ்டரும் நேர அட்டவணையும் வந்த பிறகே டிக்கெட் போடுங்கள். பொதுமக்களுக்கு அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு, எந்த வாசல் என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். இது சுற்றுக்குச் சுற்று மாறும். எப்படி இருந்தாலும், வெளிநாட்டு ஃபார்முலா 1 டிக்கெட்டுக்கு ஆகும் செலவின் பக்கத்தில்கூட வராது.

காரா, பைக்கா?

பெரும்பாலும் கார் சாம்பியன்ஷிப் ஒரு வாரக்கடைசியிலும், பைக் சாம்பியன்ஷிப் இன்னொரு வாரக்கடைசியிலும் நடக்கும். ஃபார்முலா 1 ரசிகர்கள் கார்தான் பார்க்க வேண்டும் என்று நிற்பார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது பைக்.

ஒரு காரணம், தினமும் சில்க் போர்டு சிக்னலில் உங்கள் பக்கத்தில் நிற்கும் வண்டிகள்தான் அங்கே கிரிட்டில், அதாவது ரேஸ் கிளம்பும் வரிசையில், நிற்கும். 165 சிசி பிரிவு, அதற்கு மேல் 301 முதல் 400 சிசி பிரிவு, பெண்களுக்குத் தனிப் பிரிவு, டி.வி.எஸ். அப்பாச்சி வண்டிகள் மட்டும் ஓடும் ஒன்-மேக் ரேஸ் என்று பல இருக்கும். தெரிந்த வண்டி என்பதால் ரைடர் செய்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உடனே புரியும். ஓசூரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சந்தோஷமும் உண்டு. டி.வி.எஸ். ரேஸிங் அணி 1982-லிருந்து ஓடுகிறது. தங்கள் ஊர்த் தொழிற்சாலையின் பெயர் போட்ட வண்டி முதலில் வந்தால் ஸ்டாண்டில் அவர்கள் போடும் சத்தமே தனி.

இன்னொரு காரணம், சின்ன பைக்குகளில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சக்தி. யாரும் தனியாகப் பிய்த்துக்கொண்டு போக முடியாது. முன்னால் போகிறவர் காற்றைத் தடுக்க, அவரின் காற்று நிழலில் ஒட்டிக்கொண்டு, நேர்ச்சாலையின் முடிவில் வெளியே எடுத்து முந்துவார்கள். அடுத்த லேப்பில், அதாவது டிராக்கை அடுத்த முறை சுற்றும்போது, அவரை வேறொருவர் முந்துவார். ஒரு கூட்டமே கடைசி வளைவு வரை சேர்ந்து வரும். யார் ஜெயித்தார் என்று ஒலிபெருக்கி சொல்லும் வரை தெரியாமல் போவதும் உண்டு.

கார் வாரக்கடைசிக்குப் போனால் ஃபார்முலா எல்.ஜி.பி. பிரிவைத் தவறவிடாதீர்கள். நம் ஊரில் கட்டிய ஒற்றை இருக்கை கார், உள்ளே மாருதி ஸ்விஃப்டின் 1300 சிசி இன்ஜின். வேகம் பிரமிக்க வைக்காது. ஆனால் எல்லோர் காரும் ஒன்றுதான் என்பதால் சண்டை நெருக்கமாக இருக்கும். அதைவிட வேகமானது எஃப் 2000 என்ற ஒற்றை இருக்கை கார். இந்த டிராக்கில் ஒரு லேப்பை ஒன்றரை நிமிடத்தை ஒட்டி முடித்துவிடும். டூரிங் கார் பிரிவில் போலோ, எட்டியோஸ் போன்ற கூரை வைத்த கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

போகும் வழி

இதில் பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி. டிராக் சென்னைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. பூந்தமல்லி நெரிசலையோ கோயம்பேட்டையோ பார்க்கவே வேண்டாம்.

சொந்த வண்டியில் போனால் அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா, காஞ்சிபுரத்துக்கு வெளியே, பிறகு ஸ்ரீபெரும்புதூர். வழி முழுக்கச் சுங்கச்சாவடிகள், ஃபாஸ்டேகில் பணம் போட்டுக்கொள்ளுங்கள். நின்று சாப்பிட்டுப் போக ஐந்தரை, ஆறு மணி நேரம் வையுங்கள். வாலாஜாவுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் சாலை அகலப்படுத்தும் வேலையும் மேம்பால வேலையும் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த பகுதி. அங்கே கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குவது நல்லது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் மட்டும் பெங்களூரை விட்டுக் கிளம்பாதீர்கள். அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் உங்கள் பொறுமை முடிந்துவிடும். ஒன்று மதியமே கிளம்புங்கள், இல்லையென்றால் சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு. வாடகை டாக்ஸி என்றால் தமிழ்நாட்டு பர்மிட் கட்டணம் பேசிய தொகைக்குள் வருகிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பஸ் இன்னும் எளிது. சாந்திநகர், மடிவாளா, எலெக்ட்ரானிக் சிட்டி, ஓசூர் என்று எங்கே ஏறினாலும், சென்னைக்குப் போகும் பஸ்களில் பெரும்பாலானவை இந்தச் சாலையில்தான் போகும். ஏறும்போதே நடத்துனரிடம் "ஸ்ரீபெரும்புதூர்ல இறக்கி விடுங்கண்ணா" என்று சொல்லிவிடுங்கள். தூங்கிவிட்டால் பூந்தமல்லியில்தான் கண் திறப்பீர்கள், அதனால் அலாரமும் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கே கிளம்பும் பஸ்ஸில் ஏறினால் இருட்டு விலகாத நேரத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க வேண்டி வரும். பதினொன்றரைக்கு மேல் கிளம்புவது எடுங்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ கிடைக்கும். ஆட்டோக்காரரிடம் "ரேஸ் டிராக்" என்றால் போதும்.

ரயிலில் போவதென்றால் சென்னை சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து பூந்தமல்லி வழியாக மறுபடி மேற்கே திரும்பி வர வேண்டும். சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். ஹொஸ்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை போடும் புதிய எக்ஸ்பிரஸ்வே முழுதும் திறந்துவிட்டால் கார்க்காரர்களுக்குக் கதையே மாறிவிடும். அது முடியும் இடம் டிராக்கிலிருந்து அதிகத் தூரமில்லை.

தங்குவது, சாப்பிடுவது

ஸ்ரீபெரும்புதூரில் தங்குங்கள். தொழிற்பேட்டை ஊர் என்பதால் வேலை விஷயமாக வருகிறவர்களுக்கான லாட்ஜும் ஓட்டலும் எல்லா விலையிலும் இருக்கின்றன. சனி, ஞாயிறில் அவர்கள் கூட்டம் குறைவு. ரேஸ் டீம்களும் அங்கேயே தங்குவதால் பெரிய சுற்று என்றால் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லி வையுங்கள். ஹூண்டாயால் வந்த கொரியர்களுக்காக நல்ல கொரியச் சாப்பாட்டுக் கடைகளும் அந்தப் பக்கம் உண்டு, சனிக்கிழமை ராத்திரிக்கு ஏற்ற இடம். காலையில் டிராக்குக்குள் போவதற்கு முன் வயிறு நிறைய இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிடுங்கள். உள்ளே கடை போட்டிருப்பார்கள், ஆனால் எத்தனை கடை, என்ன கிடைக்கும் என்பது ஒவ்வொரு சுற்றுக்கும் வேறுபடும்.

பையில் என்ன

பெங்களூர்க் குளிரில் வளர்ந்த உடம்புக்கு இங்கே முதல் எதிரி வெயில். வெயிலைவிடப் புழுக்கம். தொப்பி, பருத்திச் சட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஸ்டாண்டில் குடை விரிக்காதீர்கள், பின்னால் இருப்பவருக்கு டிராக் தெரியாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மத்தியானத்துக்கு மேல் திடீர் மழை வரும், நவம்பரில் கேட்கவே வேண்டாம். குடைக்குப் பதிலாக மெல்லிய மழைக்கோட்டு.

காதுக்கு ஸ்பாஞ்ச் பிளக். இதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மெடிக்கல் கடையில் சில பத்து ரூபாய்தான். ஒரு வண்டி போகும்போது ஒன்றும் தெரியாது. நாள் முழுக்கக் கேட்டால் ராத்திரி காதில் ஒரு ரீங்காரம் நிற்கும், அது காது பாதிப்பின் அறிகுறி. சின்னப் பிள்ளைகளுக்கு பிளக் நிற்காது, தலையில் மாட்டும் காதுமூடி வாங்குங்கள். மாட்டிக்கொள்ள அடம்பிடிக்கும் பிள்ளை என்றால் ஒரு வருடம் கழித்துக் கூட்டிப் போகலாம்.

முடிந்தால் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஹென்னூர் - பாகலூர் சாலையில் இருக்கும் மெக்கோ கார்டோபியாவில் ஒரு தடவை கோ-கார்ட் ஓட்டிவிட்டு வாருங்கள். வளைவுக்கு முன் எங்கே பிரேக் அடிப்பது, எவ்வளவு சீக்கிரம் கை வலிக்கிறது, முன்னால் போகிறவரை முந்துவது எவ்வளவு கஷ்டம் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். அந்த அனுபவத்தோடு போய்ப் பார்க்கும் ரேஸ் வேறு.

ஏன் சனிக்கிழமை

வழக்கமான வாரக்கடைசி இப்படிப் போகும்: வெள்ளிக்கிழமை பயிற்சி. சனிக்கிழமை குவாலிஃபையிங், அதாவது யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் ஓட்டம், கூடவே பல பிரிவுகளின் முதல் ரேஸ். ஞாயிற்றுக்கிழமை மீதி ரேஸ்களும் பரிசும். டிவியில் பார்க்கும் ஃபார்முலா 1 ரேஸ் ஒன்றரை மணி நேரம் ஓடும். இங்கே அப்படி இல்லை. ஒரு ரேஸ் ஆறு, எட்டு, பத்து லேப்தான். முக்கால்வாசி ரேஸ்கள் இருபது நிமிடத்துக்குள் முடியும். ஆனால் ஒரு நாளில் பல பிரிவுகள், ஒன்று முடிந்ததும் அடுத்தது.

ஞாயிறு மட்டும் போகிறவர்களுக்கு இது குழப்பம். யார் யார் என்று தெரிவதற்குள் கொடி விழுந்துவிடும். நம்பர் 27 யார், ஏன் எல்லோரும் அவருக்குக் கத்துகிறார்கள் என்று புரியாது. சனிக்கிழமை குவாலிஃபையிங் பார்த்தவருக்கு அந்த 27 முந்தின நாள் கீழே விழுந்து கடைசி வரிசையிலிருந்து கிளம்புகிறார் என்று தெரியும். அவர் ஒவ்வொருவராக முந்தி மேலே வரும்போது நீங்களும் எழுந்து நிற்பீர்கள்.

அதோடு சனிக்கிழமை கூட்டம் குறைவு. நின்று பார்க்கவும், கேள்வி கேட்கவும், நல்ல இடம் தேடவும் அன்றுதான் நேரம் கிடைக்கும். இரண்டு நாளில் ஒரு நாள்தான் முடியும் என்றால்கூட நான் சனிக்கிழமையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது

முதல் வேலை, அன்றைய நேர அட்டவணையையும் கலந்துகொள்பவர்கள் பட்டியலையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது. லைவ் டைமிங் இணைப்பு கொடுத்திருந்தால் அதையும் திறந்து வையுங்கள்.

ஒவ்வொரு பிரிவின் ஸ்டார்ட்டையும் மெயின் ஸ்டாண்டிலிருந்து பாருங்கள். வண்டிகள் ஒரு சுற்று மெதுவாக வந்து கிரிட்டில் நிற்கும், சிவப்பு விளக்குகள் எரியும், அணையும். அந்த நொடியில் முப்பது இன்ஜின் ஒரே சமயம் திறப்பதை எந்த டிவியும் உங்களுக்குத் தராது. நெஞ்சுக்கூட்டுக்குள் அதிரும்.

ஆனால் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தால் நேர்ச்சாலையில் வேகம் மட்டும்தான் தெரியும். ரேஸ் நடப்பது வளைவில். பார்வையாளருக்கு அனுமதி உள்ள பகுதியில், ஒரு நேர்ச்சாலை முடிந்து வளைவு தொடங்கும் இடம் எது தெரிகிறதோ அங்கே போய் நில்லுங்கள். வளைவுகளை சி1, சி2 என்று சி12 வரை எண்ணால்தான் சொல்வார்கள், ஒலிபெருக்கியில் கேட்கும்போது இது உதவும். முதல் சில லேப்பில் யார் ஜெயிக்கிறார் என்று பார்க்காதீர்கள். ஒவ்வொருவரும் எந்த இடத்தில் பிரேக் அடிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பைக்கில் ரைடர் நிமிர்ந்து உட்காரும் இடம், காரில் மூக்கு சற்றே குனியும் இடம். நல்லவர்கள் மற்றவர்களைவிட ஒரு கார் நீளம் தள்ளி அடிப்பார்கள், ஒவ்வொரு லேப்பிலும் அதே இடத்தில் அடிப்பார்கள். அது கண்ணுக்குப் பிடிபட்ட பிறகு ஒருவர் அவசரத்தில் இருக்கிறாரா, நிதானமாக இருக்கிறாரா என்று உங்களுக்கே தெரிய ஆரம்பித்துவிடும்.

போனில் வீடியோ எடுப்பதை ஒரு ரேஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சின்னத் திரையில் ஒரு புள்ளி போவதுதான் பதிவாகும்.

கொடிகள்

டிராக் ஓரத்தில் ஆரஞ்சு உடுப்போ வெள்ளை உடுப்போ போட்டு நிற்பவர்கள் மார்ஷல்கள். பெரும்பாலும் ஆர்வத்தால் வந்தவர்கள், வெயிலில் நாள் முழுக்க நிற்பார்கள். அவர்கள் கை கொடியைப் படிக்கத் தெரிந்தால் பாதி ரேஸ் புரிந்துவிடும்.

மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, அந்தப் பகுதியில் முந்தக் கூடாது. பச்சை, வழி சரியாகிவிட்டது. நீலம், உன்னைவிட ஒரு லேப் அதிகம் ஓடியவன் பின்னால் வருகிறான், வழி விடு. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தரை வழுக்குகிறது, எண்ணெயோ தண்ணீரோ. கறுப்பில் ஆரஞ்சு வட்டம், உன் வண்டியில் ஏதோ கோளாறு, உள்ளே வா. முழுக் கறுப்பு, தண்டனை. கட்டம் போட்ட கொடி எல்லோருக்கும் தெரிந்ததே.

சிவப்புக் கொடி வந்தால் ரேஸ் நிறுத்தப்படுகிறது. இங்கே ஒரு நிமிடம் நின்று சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் இந்த டிராக்கில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயது ரைடர் ஒருவர் ரேஸில் விழுந்து உயிரிழந்தார். அந்த வாரக்கடைசியின் மீதி ரேஸ்கள் எல்லாம் ரத்தாயின. அதே வருட ஜனவரியில் பல காலம் ஓட்டிய 59 வயது கார் ஓட்டுநர் ஒருவரும் இங்கே இறந்தார். ஹெல்மெட்டும் உடுப்பும் ஆம்புலன்ஸும் டாக்டரும் எல்லாம் இருந்தும் இது ஆபத்தான விளையாட்டு. ஸ்டாண்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் விழுந்தவரின் அம்மாவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். தேசிய ரேஸில் குடும்பங்கள்தான் பாதிக் கூட்டம். அதனால் யாராவது விழுந்தால் கத்தாதீர்கள், போனைத் தூக்காதீர்கள், வேலியை நோக்கி ஓடாதீர்கள். என்ன ஆயிற்று என்று ஒலிபெருக்கியில் சொல்லும் வரை உங்கள் இடத்திலேயே இருங்கள். ஊகித்ததை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். விழுந்தவர் எழுந்து நடந்தால் கைதட்டுங்கள், அது அவருக்குக் கேட்கும்.

பேடாக்

டீம்கள் வண்டிகளை வைத்து வேலை பார்க்கும் இடம் பேடாக். ஃபார்முலா 1-ல் அங்கே கால் வைக்க லட்சங்கள் வேண்டும். தேசிய சுற்றுகளில் பல சமயம் சாதாரணப் பார்வையாளரையே உள்ளே விடுவார்கள், சில சமயம் பாஸ் கேட்பார்கள். வாசலில் மரியாதையாகக் கேளுங்கள். விடவில்லை என்றால் வாதாட வேண்டாம்.

உள்ளே போனால் கண் திறக்கும். விழுந்த பைக்கை அடுத்த ரேஸுக்குள் நிமிர்த்தும் மெக்கானிக்குகள், டயரில் ஒட்டிய ரப்பர் துணுக்குகளைச் சுரண்டும் பையன், அப்பாவே மேனேஜராக நிற்கும் சின்ன டீம்கள். கோவைத் தமிழ், சென்னைத் தமிழ், கன்னடம் எல்லாம் கலந்து கேட்கும். பெங்களூரிலிருந்து வந்த டீம்களும் கட்டாயம் இருக்கும். "நாங்களும் பெங்களூர்தான்" என்றால் நின்று பேசுவார்கள்.

சில ஒழுங்குகள் உண்டு. ரேஸுக்கு அரை மணி நேரம் முன்னால் யாரையும் பேச்சுக்கு இழுக்காதீர்கள், ரேஸ் முடிந்து தண்ணீர் குடித்த பிறகு போங்கள். சைலன்சர், டயர், பிரேக் எதையும் தொடாதீர்கள், எல்லாம் சுடும். வண்டிமேல் உட்கார்ந்து படம் எடுக்கக் கேட்காதீர்கள். பின்னால் எப்போதும் வண்டி வரலாம், சத்தம் கேட்டவுடன் ஓரமாகுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். புகை பிடிக்கவே கூடாது, சுற்றிலும் பெட்ரோல். டிராக்கிலிருந்து வண்டிகள் உள்ளே வந்து போகும் பாதையான பிட் லேன் பக்கம் பாஸ் இல்லாமல் போகவே போகாதீர்கள்.

கேட்கக் கூடிய நல்ல கேள்வி ஒன்று சொல்கிறேன்: "இன்னைக்கு எந்த வளைவுல நேரம் போச்சு?" எந்த ரைடரும் இதற்குப் பதில் சொல்வார். சொல்லச் சொல்ல அவர் கை தானாக ஹேண்டில்பாரைத் திருப்பும். மறுநாள் அந்த வளைவில் போய் நின்று அவரைப் பாருங்கள்.

இரண்டு மூன்று சுற்று பார்த்த பிறகும் ஆசை தீரவில்லை என்றால் மார்ஷலாகச் சேரலாம். கிளப்பில் விசாரித்தால் பயிற்சி எப்போது என்று சொல்வார்கள், அதிகாரிகளுக்கு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. லைசென்ஸ் தருகிறது. அதைவிட அருகில் நின்று ரேஸ் பார்க்க வழியே இல்லை. ஓட்டவே ஆசை என்றால் டிராக்கை ஒட்டி இருக்கும் கார்ட்டிங் அரங்கிலிருந்து தொடங்குங்கள்.

திரும்பி வருவது

பரிசளிப்பு வரை இருந்துவிட்டுக் கிளம்புங்கள், கூட்டத்தோடு கூட்டமாக வாசலில் முட்ட வேண்டாம். சொந்த பைக்கில் வந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்ட கை திரும்பும் வழியில் தானாக முறுக்கும். டிராக்கில் எதிரே லாரி வராது, மாடு குறுக்கே வராது, விழுந்தால் ஓடி வர மார்ஷல் இருக்கிறார். நெடுஞ்சாலையில் இது எதுவும் இல்லை. கிளம்புவதற்கு முன் ஒரு டீ குடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வண்டியை எடுங்கள். தூக்கம் வந்தால் வேலூரில் ஒரு அறை எடுத்துப் படுங்கள்.

ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்துவது வழக்கம், ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது. பஸ்ஸில் வந்தவர்கள் ஞாயிறு இரவுக்கான டிக்கெட்டை முன்பதிவு செய்துவிட்டு ஏறும் இடத்தை ஸ்ரீபெரும்புதூர் என்றோ பூந்தமல்லி என்றோ போட்டு வையுங்கள், கடைசி நேரத்தில் விலை ஏறிவிடும். திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு முன் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டுகிற பஸ்ஸாகப் பாருங்கள். முடிந்தால் திங்கள் அரை நாள் லீவு சொல்லிவிடுங்கள்.